ஒளியியற் கணக்குகளில் படமும் குறியும்

குளக்கரையில் நின்று தெளிந்த நீரின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லைக் காண்பவர், நீர் இடுப்பளவே இருக்கும் என்று எண்ணி இறங்குவதும், இறங்கியபின் கால் நிலைகொள்ளாமல் தத்தளிப்பதும் நம் நாட்டில் அரிய நிகழ்ச்சிகள் அல்ல. இதற்குக் காரணம் யாது என்று பத்தாம் வகுப்பு மாணவனைக் கேட்டால், "நீரின் ஆழம் உண்மை ஆழத்தில் முக்கால் பங்காகத் தோன்றும்" என்று தயங்காமல் விடை கூறுவான். அவ்விடை தேர்வுத் தாளுக்குப் போதும், குளக்கரைக்குப் போதாது. ஏன் போதாது என்பதைப் பின்னர் ஒரு கணக்காகவே செய்து காண்போம்.

இப்பாடம் உயர்நிலைப் பள்ளிகளில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்களையும், நில அளவை, நீர்ப்பாசனம், வேளாண்மை முதலிய துறைகளில் ஒளியியற் கருவிகளைக் கையாளும் களப்பணியாளர்களையும் கருதி எழுதப்பெற்றது. பிரதிபலிப்பு விதிகளும், ஸ்னெல் விதியும், லென்ஸ் சூத்திரமும் அவர்கள் அறிந்தவையே. அறிந்த சூத்திரத்தை வைத்துக்கொண்டு கணக்கை எவ்விடத்திலிருந்து தொடங்குவது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். விடைத்தாள்களைத் திருத்தியவர்கள் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வர். பெருக்கல் வகுத்தலில் நேரும் பிழை சிறிது. படம் வரையாமல் சூத்திரத்தில் எண்களை இடுவதனால் நேரும் பிழை பெரிது.

கண்ணுக்கு வந்த கதிர்

ஒளிக்கதிர் வந்த வழி முழுவதையும் கண் அறியாது. கடைசியாக எத்திசையிலிருந்து கதிர் கண்ணுள் புகுந்ததோ, அத்திசையில் நேர்கோட்டில் பொருள் இருப்பதாகவே அது கொள்ளும். இடையில் கதிர் ஆடியில் பட்டுத் திரும்பியதா, நீர்ப்பரப்பில் மடங்கியதா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே எந்த ஒளியியற் கணக்காயினும் முதல் வேலை ஒன்றே. பொருளின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கதிர்கள் இரண்டையேனும் வரைக. அவை கண்ணை நோக்கி வரும் கடைசிப் பகுதியைப் பின்னோக்கிப் புள்ளிக்கோட்டால் நீட்டுக. அக்கோடுகள் சந்திக்கும் இடத்தில் மாயப் பிம்பம் உள்ளது. நீட்ட வேண்டாமலே கதிர்கள் தாமே சந்திக்குமாயின் அது மெய்ப்பிம்பம். அவ்விடத்தில் வெண்தாளைப் பிடித்தால் பிம்பம் அதில் விழும்.

எளிய கணக்கு ஒன்றைக் கொள்வோம். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் தம் முழு உருவையும் காண எவ்வளவு நீளமான சமதள ஆடி வேண்டும்? அவர் கண் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் உள்ளது. பாதத்திலிருந்து கிளம்பிக் கண்ணை அடையும் கதிர், படுகோணமும் மீள்கோணமும் சமமாதலின், இவ்விரண்டின் நடு உயரத்தில், அதாவது 75 செ.மீ. உயரத்தில் ஆடியைத் தொடும். உச்சந்தலையிலிருந்து வரும் கதிர் 150க்கும் 160க்கும் நடுவே 155 செ.மீ. உயரத்தில் தொடும். எனவே ஆடியின் நீளம் 155 − 75 = 80 செ.மீ.; அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருத்தல் வேண்டும். இக்கணக்கில் ஆடிக்கும் ஆளுக்கும் இடையேயுள்ள தூரம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க. சிறிய ஆடியாயின் பின்னே நகர்ந்து நின்றால் முழு உருவும் தெரியும் என்று மாணவர்களில் பெரும்பாலோர் நம்புகின்றனர். சுவரில் ஆடியைச் செங்குத்தாக நிறுத்தி, ஆடியின் கீழ் விளிம்பில் சட்டையின் எந்தப் பொத்தான் தெரிகிறது என்று நெருங்கியும் விலகியும் பார்க்கச் செய்தால் அந்நம்பிக்கை ஐந்து நிமிடத்தில் அகலும்.

ஆடி திரும்பும் கோணத்தைப்போல் இருமடங்கு மீள்கதிர் திரும்பும் என்பதும் பலர் மறப்பது. மின்னோட்டமானியின் சிறு ஆடி 1 பாகை திரும்பினால், 1 மீட்டர் தொலைவிலுள்ள அளவுகோலில் ஒளிப்பொட்டு நகர்வது 1.75 செ.மீ. அன்று, 2 பாகைக்குரிய 3.49 செ.மீ. ஆகும். நில அளவையாளர் கைக்கொள்ளும் 'ஆப்டிகல் ஸ்குவேர்' என்னும் சிறு பெட்டியும் இவ்விதியையே நம்பியது. அதனுள் இரண்டு ஆடிகள் ஒன்றுக்கொன்று 45 பாகையில் பொருத்தப்பட்டுள்ளன. இரண்டிலும் பட்டு வெளிவரும் கதிர் 90 பாகை திரும்பும். பெட்டியைப் பிடித்த கை சிறிது அசைந்தாலோ? முதல் ஆடியால் கதிர் எத்துணை கூடுதலாகத் திரும்புமோ, அத்துணையும் இரண்டாம் ஆடியால் ஈடுசெய்யப்படும். ஆகவே நிற்கும் நிலையிலேயே செங்கோணம் நாட்ட இயல்கிறது.

விலகு கோணம் என்னும் சொல்

ஒளிவிலகலுக்கு வரும்போது சொல்லே ஓர் இடையூறு. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இதனை ஒளிக்காமல் கூறிவிடுதல் நலம். 'விலகு கோணம்' என்று நாம் வழங்குவது, விலகிய கதிர் செங்குத்துக் கோட்டுடன் ஆக்கும் கோணம். ஆனால் தமிழறிந்த எந்தச் சிறுவனும் அச்சொல்லைக் கேட்டவுடன், கதிர் தன் பழைய வழியிலிருந்து எவ்வளவு விலகியதோ அவ்வளவு என்றே பொருள் கொள்வான். அவன்மீது குற்றமில்லை, சொல் அப்படித்தான் பேசுகிறது. அவன் கருதும் கோணத்திற்கு நூல்களில் திசைமாற்றக் கோணம் என்று வேறு பெயர் உண்டு.

படுகோணம் 45 பாகையாக, 1.5 விலகல் எண் உடைய கண்ணாடியுள் கதிர் புகுவதாகக் கொள்வோம். 45 பாகையின் சைன் 0.7071. இதனை 1.5ஆல் வகுக்க 0.4714 வரும், இதற்குரிய கோணம் 28.1 பாகை. இதுவே விலகு கோணம். திசைமாற்றமோ 45 − 28.1 = 16.9 பாகை. இரண்டையும் ஒரே படத்தில் இரு வேறு மைகளால் குறித்துக் காட்டுதல் வேண்டும். மேலும், எல்லாக் கோணங்களும் பரப்பிலிருந்து அன்றி, பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்தே அளக்கப்பெறும். "நீர்ப்பரப்புடன் 30 பாகை சாய்ந்து விழும் கதிர்" என்று கணக்கு கூறுமாயின் படுகோணம் 60 பாகை. தேர்வுக் கணக்குகளில் இப்பொறி அடிக்கடி வைக்கப்படுகிறது.

குளத்தின் ஆழம்

இனி, தொடக்கத்தில் கூறிய குளத்திற்கு வருவோம். நீரின் விலகல் எண் 4/3 எனவும், ஆழம் 2 மீட்டர் எனவும் கொள்க. நேர் மேலிருந்து நோக்கினால் தோற்ற ஆழம் 2 ÷ 4/3 = 1.5 மீட்டர். மாணவன் கூறிய முக்கால் பங்கு இதுவே. ஆயின் இவ்விதியைப் பெறும்போது, கோணங்கள் மிகச் சிறியவை, ஆகவே அவற்றின் சைனும் டேனும் ஏறக்குறைய சமம் என்று ஒரு நிபந்தனை வைத்தோம். பாடநூல்கள் அந்நிபந்தனையை ஒரு வரியில் கூறிவிட்டு மேலே செல்கின்றன; மாணவன் அந்த வரியை விட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொள்கிறான். படகிலிருந்து குனிந்து பார்ப்பவருக்கு நிபந்தனை பொருந்தும். கரையில் நிற்பவர் குளத்தைச் சாய்வாக அல்லவா நோக்குகிறார்?

அவர் கண் நீர்மட்டத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது. கல்லிலிருந்து அவர் கண்ணை அடையும் கதிர் காற்றில் செங்குத்துக் கோட்டுடன் 60 பாகை சாய்ந்துள்ளது என்க. 60 பாகையின் டேன் 1.732 ஆதலின், கதிர் நீரைவிட்டு வெளிவரும் இடம் அவர் கண்ணுக்கு நேர் கீழான புள்ளியிலிருந்து 1.5 × 1.732 = 2.6 மீட்டர் தொலைவில் இருக்கும். கரையோரத்தில் நிற்பவர் இயல்பாகப் பார்க்கும் தூரமே இது. இப்போது நீருள் கதிரின் சாய்வைக் காண்போம். 60 பாகையின் சைன் 0.866, இதில் முக்கால் பங்கு 0.6495, உரிய கோணம் 40.5 பாகை, அதன் டேன் 0.854. எனவே கல், கதிர் வெளிவரும் இடத்திலிருந்து கிடைத்தூரத்தில் 2 × 0.854 = 1.71 மீட்டர் அப்பால் கிடக்கிறது.

இனிக் கண்ணுக்கு வந்த கதிரைப் பின்னோக்கி நீட்டுவோம். இரு கண்களும் ஒரே மட்டத்தில் இருப்பதால், வலக்கண்ணுக்கு வரும் கதிரும் இடக்கண்ணுக்கு வரும் கதிரும் பின்னோக்கி நீட்டப்படும்போது கல்லின் வழியே செல்லும் நிலைக்குத்துக் கோட்டில் சந்திக்கும். ஆகவே தோற்ற ஆழம் 1.71 ÷ 1.732 = 0.99 மீட்டர். இரண்டு மீட்டர் ஆழம் ஒரு மீட்டராகத் தோன்றுகிறது. முக்கால் பங்கு அன்று, அரைப் பங்கு. (ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பின் கணக்கு வேறு வகையில் சிக்கலாகும், அது இங்கு வேண்டா.)

சாய்வு மிக மிக ஏமாற்றமும் மிகும். இதே கணக்கை வேறு கோணங்களுக்குச் செய்து பார்த்தால், 30 பாகையில் 1.40 மீட்டர், 45 பாகையில் 1.25 மீட்டர், 75 பாகையில் 0.56 மீட்டர் என விடைகள் வரும். எட்டத்திலுள்ள தரை மேலெழுந்தும் அருகிலுள்ள தரை தாழ்ந்தும் காணப்படுவதால், மட்டமான தரையுள்ள தொட்டிகூட நாம் நிற்கும் இடத்தில் மட்டும் ஆழமாகவும் மற்றெங்கும் ஆழம் குறைந்தும் தோன்றுகிறது. எதிர்க்கரைப் பக்கம் ஆழமில்லை என்று ஒரு சிறுவன் கருதுவது அவன் அறியாமையால் அன்று. அவன் கண் அவனுக்கு அவ்வாறு காட்டுகிறது. 1.4 மீட்டர் உயரமுள்ள அவனுக்கு 2 மீட்டர் நீர் மார்பளவாகத் தெரிகிறது. இக்கணக்கைக் கரும்பலகையில் செய்து முடித்த பின்னர், விடையை ஒரு மாணவனின் உயரத்துடன் ஒப்பிட்டுக் காட்டுமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். வாய்ப்பாடு மறந்துபோகலாம், அந்த ஒப்பீடு மறவாது.

களப்பணியாளர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. வாய்க்காலையோ ஏரியின் மதகடியையோ பார்வையால் ஆழம் மதிப்பிடலாகாது. அளவுக்கோலை ஊன்றியே அறிதல் வேண்டும். ஊன்றிய கோலிலும் நீருக்குள் தெரியும் எண்களை எண்ணிப் பயனில்லை. அவை நெருங்கித் தோன்றும். நீர்ப்பரப்பு கோலை வெட்டும் இடத்திலுள்ள எண்ணை மட்டுமே படிக்க.

நீரிலிருந்து வெளிவரும் கதிர்பற்றி மற்றொன்று. நீருள் படுகோணம் 60 பாகையாயின் காற்றில் விலகு கோணம் யாது என்று கேட்டால், 0.866 × 4/3 = 1.155 என்று சைன் மதிப்பு வரும். சைன் ஒன்றுக்கு மேற்படாது. மாணவன் தான் எங்கோ தவறிவிட்டதாக எண்ணிக் கணக்கை அடித்துவிடுகிறான். அவன் தவறவில்லை. கதிர் வெளிவராது, முழுவதும் நீருக்குள்ளேயே திரும்பும் என்பதே அந்த எண் கூறும் விடை. நீருக்கு மாறுநிலைக் கோணம் 48.6 பாகை, அதற்கு மேற்பட்ட படுகோணம் எதுவாயினும் முழு அகப் பிரதிபலிப்பே நிகழும். காற்றிலிருந்து நீருக்குள் செல்லும் கதிருக்கு இது ஒருபோதும் நிகழாது.

காற்றும் கதிரை வளைக்கும்

குளத்தில் தரையை உயர்த்திக் காட்டும் அதே விதி, காற்றில் மலையை உயர்த்திக் காட்டுகிறது. பூமிக்கு அருகில் காற்று அடர்ந்தும் மேலே செல்லச் செல்ல நெகிழ்ந்தும் இருப்பதால், தொலைவிலிருந்து வரும் கதிர் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி வளைகிறது. கண்ணோ கடைசித் திசையைப் பின்னோக்கி நீட்டுகிறது. சூரியன் மறையும் நேரத்தில் இவ்வுயர்வு அரைப் பாகைக்குச் சற்று மேற்பட்டது. சூரிய வட்டத்தின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. அதனால் அதன் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும்போது, உண்மையில் அது முழுவதும் அடிவானத்தின் கீழ் சென்றுவிட்டது.

மட்டமானியைக் கையாள்பவர்கள் இதனை எண்ணால் அறிவர். 1 கிலோமீட்டர் தொலைவில் பூமியின் வளைவு 7.85 செ.மீ. பிழையை உண்டாக்கும், ஒளிவிலகல் அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைக் குறைக்கும், எஞ்சுவது 6.73 செ.மீ. தொலைவு இருமடங்கானால் பிழை நான்மடங்காகும். எவரெஸ்ட் சிகரத்தை 1849, 1850ஆம் ஆண்டுகளில் சமவெளியிலிருந்து அளந்தவர்கள் 170 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்திலிருந்து நோக்கினர். 175 கிலோமீட்டருக்குப் பூமியின் வளைவு மட்டும் 2,400 மீட்டர் ஆகும். அதில் ஏழில் ஒரு பங்கு என்று அப்படியே கொண்டால் ஒளிவிலகல் 340 மீட்டர் வரும்; சிகரத்தை நோக்கி மேலெழும் கதிர் நெகிழ்ந்த காற்றினூடே செல்வதால் உண்மையில் அவ்வளவு இராது. எவ்வளவு என்று தீர்மானிப்பதில் சிறிது மாறினாலும் சிகரம் பல மீட்டர் ஏறும் அல்லது இறங்கும். 1856ஆம் ஆண்டில் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்ட உயரம், இந்திய நில அளவைத் துறை 1952 முதல் 1954 வரை அருகிலிருந்து செய்த மறு அளவையால் 29,028 அடியாயிற்று. நேபாளமும் சீனமும் சேர்ந்து 2020ஆம் ஆண்டில் அறிவித்த அளவு 8,848.86 மீட்டர்.

குறி எனும் இடர்

லென்ஸ், வளை ஆடி ஆகியவற்றின் கணக்குகளில் பெரும்பாலான பிழைகள் கூட்டல் கழித்தல் குறிகளில் நேர்வன. ஆங்கில நூல்களில் யு, வி, எஃப் என்று குறிக்கப்படும் பொருள் தூரம், பிம்பத் தூரம், குவியத் தூரம் ஆகியவற்றை இங்குப் பொ, பி, கு என்று குறிப்போம்.

குறியிடுவதில் இரு மரபுகள் உண்டு. பழைய நூல்கள் பலவற்றில் மெய்யான தூரம் கூட்டல், மாயமான தூரம் கழித்தல் என்பது மரபு; அதன்படி லென்ஸ் சூத்திரம் 1/பி + 1/பொ = 1/கு. இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் கார்ட்டீசியன் மரபிலோ, தூரங்கள் யாவும் லென்ஸின் நடுப்புள்ளியிலிருந்து அளக்கப்பெறும்; ஒளி செல்லும் திசையில் அளந்தவை கூட்டல், எதிர்த்திசையில் அளந்தவை கழித்தல்; சூத்திரம் 1/பி − 1/பொ = 1/கு. ஆடிக்கு இம்மரபில் 1/பி + 1/பொ = 1/கு. இரண்டில் எது சிறந்தது என்னும் வாதத்தில் பயனில்லை. ஒன்றன் சூத்திரத்தையும் மற்றொன்றன் குறிகளையும் கலப்பதே கேடு. பல ஆண்டுகளுக்கு முன், இதனை எழுதுபவன் ஒரு பயிற்சித் தொகுப்பை மொழிபெயர்க்கும்போது, வினாக்கள் ஒரு மரபையும் இறுதியிலிருந்த விடைகள் மற்றொரு மரபையும் தழுவியிருந்ததைக் கவனியாமல், உள்ளது உள்ளவாறே தமிழாக்கி அனுப்பிவிட்டான். அச்சேறிய பின்னர் ஓர் ஆசிரியர், தம் மாணவர்கள் சரியாகச் செய்த கணக்குகளை விடைப்பட்டியலைப் பார்த்துத் தாம் தவறென்று திருத்திவிட்டதாக எழுதிய கடிதம் வந்தது. அன்றுமுதல் எந்த விடையையும் படம் வரைந்து பாராமல் மொழிபெயர்ப்பதில்லை.

10 செ.மீ. குவியத் தூரமுள்ள குவி லென்ஸிலிருந்து 8 செ.மீ. தொலைவில் ஓர் இலை உள்ளது. பிம்பம் எங்கே? கார்ட்டீசியன் மரபில் பொ = −8, கு = +10. எனவே 1/பி = 1/10 − 1/8 = −1/40; பி = −40 செ.மீ. கழித்தல் குறி, பிம்பம் இலை இருக்கும் பக்கத்திலேயே உள்ளது, மாயமானது என்று கூறுகிறது. உருப்பெருக்கம் பி/பொ = 5; கூட்டலாதலின் நேரானது. இனிக் குறியை மறந்த மாணவன் செய்வதைக் காண்க: 1/பி = 1/10 + 1/8 = 9/40; பி = 4.44 செ.மீ. எண் அழகாகவே இருக்கிறது. ஐயம் எழ இடமில்லை. ஆயின் எதிரேயுள்ள பொருளுக்குத் தனிக் குவி லென்ஸ் தரும் மெய்ப்பிம்பம் குவியத் தூரத்தைவிட அருகில் விழ இயலாது. கடலுக்கு அப்பாலுள்ள பொருளின் பிம்பமே 10 செ.மீ. தொலைவில் விழும்; மற்றவை எல்லாம் அதற்கும் அப்பால் விழும். இவ்வொரு சோதனை தெரிந்திருந்தால் 4.44 என்பதை எழுதிய கையே அடித்துவிடும்.

குறிப்பிழை வெறும் மதிப்பெண்ணோடு போவதில்லை. நடுவயதில் ஒருவருக்கு 1 மீட்டருக்குக் குறைந்த தூரத்தில் எழுத்துத் தெளிவாகத் தெரியவில்லை. அவர் 25 செ.மீ. தூரத்தில் வைத்துப் படிக்க எந்தக் கண்ணாடி வேண்டும்? லென்ஸ், 25 செ.மீ.யிலுள்ள புத்தகத்தின் பிம்பத்தை அவர் காணக்கூடிய 100 செ.மீ. தொலைவில் அமைத்தல் வேண்டும். அப்பிம்பம் புத்தகம் உள்ள பக்கத்தில்தான் அமையும்; கண்ணுக்குப் பின்னால் அமைந்து பயனில்லை. ஆகவே பொ = −25, பி = −100. 1/கு = −1/100 + 1/25 = 3/100; குவியத் தூரம் 33.3 செ.மீ.; திறன் +3 டயாப்டர். பிம்பத் தூரத்தை மட்டும் கூட்டலாகக் கொண்டால் 1/கு = 5/100; திறன் +5 டயாப்டர். அக்கண்ணாடியை அணிந்து 25 செ.மீ. தூரத்தில் புத்தகத்தைப் பிடிப்பவருக்கு எழுத்துக் கலங்கும், தலைவலிதான் மிஞ்சும்.

சில செய்முறைகள்

குவியத் தூரத்தை அறிய, சாளரத்திற்கு வெளியேயுள்ள மரத்தின் பிம்பத்தை எதிர்ச்சுவரில் வீழ்த்தி அளப்பது வழக்கம். மரம் எவ்வளவு தொலைவில் இருத்தல் வேண்டும்? 20 செ.மீ. லென்ஸுக்கு 5 மீட்டர் தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் 20.8 செ.மீ.யில் விழும், பிழை நூற்றுக்கு நான்கு. 20 மீட்டராயின் 20.2 செ.மீ. ஆகவே வகுப்பறைக்குள்ளேயே இருக்கும் விளக்கைக் கொள்வதைவிடத் தெருக்கோடி மரம் மேல். சூரியனைக் கொண்டு செய்யலாகாது. தாள் பற்றிக்கொள்ளும், லென்ஸ் வழியே நோக்கினால் கண் கெடும்.

மெழுகுவத்திக்கும் திரைக்கும் இடையே 90 செ.மீ. வைத்து, 20 செ.மீ. லென்ஸை இடையில் நகர்த்தினால் இரண்டு இடங்களில் தெளிவான பிம்பம் கிடைக்கும். இரு தூரங்களின் கூட்டுத்தொகை 90, பெருக்குத்தொகை 90 × 20 = 1,800; எனவே அவை 30, 60. ஓரிடத்தில் பிம்பம் இருமடங்கு, மற்றோரிடத்தில் பாதி. இடைவெளியை 70 செ.மீ. ஆக்கிப் பாருங்கள்: இருபடிச் சமன்பாட்டில் வர்க்கமூலத்திற்குள் 4,900 − 5,600 என்று கழித்தல் எண் வரும், திரையிலும் எவ்விடத்திலும் பிம்பம் வராது. குறைந்தது நான்கு மடங்கு குவியத் தூரம், அதாவது 80 செ.மீ. வேண்டும். கணித ஆசிரியரும் பௌதிக ஆசிரியரும் சேர்ந்து நடத்தத்தக்க பாடம் இது.

பயிர்ப் பூச்சிகளை ஆராய்வோர் சட்டைப்பையில் வைத்திருக்கும் பத்து மடங்கு கைலென்ஸின் குவியத் தூரம் 2.5 செ.மீ. (25 ÷ 2.5 = 10). லென்ஸை இலைமேல் பிடித்து எட்டத்திலிருந்து நோக்குவோர் பலர். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, இலையை அதனருகே 2.5 செ.மீ. தூரத்திற்குக் கொண்டுவருதலே முறை, காட்சிப்பரப்பு விரியும்.

பயிற்சிக்குச் சில கணக்குகள் தருகிறோம். அச்சிட்ட தாளின்மேல் 6 செ.மீ. தடிப்பும் 1.5 விலகல் எண்ணும் உடைய கண்ணாடிப் பாளம் வைத்து நேர் மேலிருந்து நோக்கினால் எழுத்து எவ்வளவு உயர்ந்து தோன்றும்? 15 செ.மீ. குவியத் தூரமுள்ள குழி ஆடியின் முன் 10 செ.மீ. தொலைவில் முகத்தை வைத்தால் பிம்பம் எங்கு, எவ்வளவு பெரிதாகத் தோன்றும்? 20 செ.மீ. குழி லென்ஸின் முன் 30 செ.மீ. தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் எங்கே? 1.5 மீட்டர் ஆழமுள்ள தொட்டியின் அடியில் ஒரு சிறு விளக்கு எரிகிறது. அதன் ஒளி நீர்ப்பரப்பில் எத்துணை ஆரமுள்ள வட்டத்தின் வழியே வெளிவரும்? 500 மீட்டர் தொலைவிலுள்ள கோலை மட்டமானியால் படிக்கும்போது வளைவுக்கும் ஒளிவிலகலுக்கும் சேர்ந்த திருத்தம் யாது?

விடைகள், இதே வரிசையில்: 2 செ.மீ.; ஆடிக்குப் பின்னே 30 செ.மீ., மும்மடங்கு, நேரான மாயப் பிம்பம்; பொருள் உள்ள பக்கத்தில் 12 செ.மீ.; 1.70 மீட்டர், 1.7 செ.மீ.